கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்துகொண்டிருந்த கோடு

1

போன வாரம் என் மகள் ஸாராவுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டில் ஏதாவது ஒன்றைத் தினமும் அளந்து, அதைக் கோடாக வரைந்து வகுப்பில் காட்ட வேண்டும். அவளுடைய தோழி ஒருத்தி தன் பூனை தின்னும் அளவை அளக்கிறாளாம். ஸாராவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. என் பழைய கணினியில் ஏற்கெனவே வரைந்த கோடு ஏதாவது கிடைக்குமா என்று துழாவி, ஒன்றைக் கண்டுபிடித்து என்னிடம் கொண்டுவந்தாள்.

"இது நல்லா இருக்கு. இதுல நீ எதை அளந்தே?"

அவள் இதையெல்லாம் ஜெர்மனில்தான் கேட்பாள். நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

"கும்மிடிப்பூண்டில மாமா வச்சிருந்த கடை. அங்க இன்டர்நெட் எப்படி ஓடுதுன்னு பாக்கறதுக்கு."

"அப்புறம் ஏன் இங்க வந்து நின்னுடுச்சு?"

கடையை மூடிவிட்டார்கள் என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது போதுமான பதில். அவள் குளியலறைக் குழாயில் சொட்டும் தண்ணீரை அளக்கப் போய்விட்டாள். நான்தான் அந்தக் கோட்டை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சொல்லாததை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

எங்களுடையது பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். வாப்பா காலத்திலேயே கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டோம். எனக்கு ஒரே அண்ணன், யூசுப். எங்கள் வீட்டு வழக்கப்படி அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் பொறியியல் படித்து, கல்யாணம் முடித்து, இரண்டாயிரத்து மூன்றில் ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்தேன். பிற நிறுவனங்களின் நெட்வொர்க் ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்காணித்துச் சொல்லும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை.

காக்கா ரயில் நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். எட்டுக் கம்ப்யூட்டர், தடுப்புப் பலகை, மேலே இரண்டு மின்விசிறி. மாடியில் ஒரு லாட்ஜ். இரும்பு உருக்கும் ஆலைகளில் வேலை செய்யும் ஒரிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் அறைக்கு ஆறு பேராக அங்கே தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் குளித்துத் தலைவாரிக் கீழே வந்துவிடுவார்கள். அவர்கள் ஊர்ப் பக்கத்திலும் பிரவுசிங் சென்டர்கள் வந்திருந்தன. அங்கே மனைவி வந்து உட்காருவாள், இங்கே இவன். வெப்கேமில் ஒருவன் பேசும்போது பின்னால் நாலு பேர் நின்று தலையைக் காட்டுவார்கள். காக்காவுக்கு இந்தி அரைகுறை. ஆனாலும் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் கூரை மாற்றுகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

அவனுக்கு ஒரே தொல்லை, இணைப்பைப் பிரித்துக்கொடுக்கும் ரவுட்டர். வெயில் ஏறியதும் நின்றுவிடும்.

"ஜமீ, திரும்பியும் நின்னுபோச்சு. புடுங்கிச் சொருவினா ஓடுது. ஆளுங்க உக்காந்துகினு இருக்காங்க, நாள் பூரா இதே பேஜாரு" என்று போனில் புலம்புவான்.

விடுமுறைக்குப் போனபோது அதைக் கையில் எடுத்தேன். ரவுட்டர் என்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். தயாரித்தவர்கள் உள்ளே ஏற்றியிருக்கும் மென்பொருளை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றலாம். பல நாட்டு நிரலாளர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகப் பகிரும் மென்பொருள்கள் இருக்கின்றன. சட்டப்படி அதில் தவறேதும் இல்லை. என் போன்றவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

"பூட்டுச்சின்னா?" என்று கேட்டான் காக்கா.

"பூட்டுச்சின்னா புதுசு வாங்கித் தரேன்."

விளக்கு அணைந்து மறுபடி எரியும்வரை அவன் பக்கத்திலேயே நின்றான். அதன் பிறகு அந்த ரவுட்டர் வெயிலிலும் நிற்கவில்லை. லாட்ஜ்காரர்கள் அறையிலிருந்தே பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று மாடிக்கும் கம்பியில்லாமல் இணைப்புக் கொடுத்தோம். கூடவே நான் ஒரு சிறிய நிரலும் எழுதிச் சேர்த்தேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது ஸ்டுட்கார்டில் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பும். லைன் எவ்வளவு பலமாக இருக்கிறது, எத்தனை மெஷின் ஓடுகிறது, எவ்வளவு போய்வருகிறது, எப்போது மின்சாரம் போய் வந்தது, அவ்வளவுதான். யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பதை நான் சேர்க்கவில்லை. சேர்க்கத் தெரியாமல் இல்லை, வேலையில் எனக்கு அதற்கும் சம்பளம் தருகிறார்கள். ஆனால் மனைவியோடு பேசுகிறவன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பது போலிருந்தது. வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஸ்டுட்கார்டில் காலைக் காபி குடிக்கும்போது ஊரில் கடை திறந்து சூடு பிடித்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் நான் ரயிலுக்குக் கிளம்புவேன். வெள்ளிக்கிழமை நண்பகலில் கோடு இறங்கும், காக்கா ஜும்மாவுக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போயிருப்பான். ஞாயிறு மாலை மேடாக எழும். நோன்பு மாதத்தில் கடை நேரம் மாறும், கோடும் மாறும். போனில் பேசினால் அவன் "நல்லாக்கீறேன்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மீதியைக் கோடு சொல்லிவிடும் என்று நம்பினேன்.

3

ஒரு செவ்வாய்க்கிழமை கோடு விழுந்து தரையோடு நின்றது.

அந்த வருடம் தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலம். அதனால் முதலில் பொருட்படுத்தவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தும் அப்படியே இருந்தது. டிரான்ஸ்பார்மர் வெடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காக்காவின் கைபேசி அணைந்திருந்தது. சார்ஜ் இருக்காது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை மைனி கூப்பிட்டாள். காக்காவின் மனைவி ரஹ்மத். அவள் எப்போதும் மிஸ்டு கால்தான் கொடுப்பாள். அன்று மணி நிற்காமல் அடித்தது.

"ஜமீலா, உங்க காக்காவ போலீஸ்ல கூட்டிக்கினு போயிட்டாங்கம்மா. நேத்து காலைல. விசாரிச்சுட்டு உட்டுடுவோம்னாங்க. இன்னும் ஊட்டுக்கு வரல."

நடந்தது இதுதான். தொழிற்பேட்டையில் ஓர் ஆலைக்கு, உலைப் பக்கம் குண்டு வைத்திருப்பதாக ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. ஆட்களை வெளியேற்றி, உலையை அணைத்துத் தேடியிருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மின்னஞ்சல் எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு காக்காவின் கடைக்கு வந்துவிட்டார்கள்.

அதுவரைக்கும் அவன் ஒரு கடைக்காரன், அவ்வளவுதான். யாராவது வந்து அனுப்பியிருக்கலாம் என்று அவர்களும்கூடச் சொன்னார்களாம். பிறகு கூட வந்திருந்த கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ரவுட்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். கம்பெனியின் பெயரோடு வழக்கமாக வரும் பக்கம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள் வந்திருக்கின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்தப் பெட்டி ஜெர்மனிக்கு ஏதோ அனுப்பிக்கொண்டிருப்பதும் தெரிந்திருக்கிறது.

பிறகு காக்கா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜெர்மனில யாருன்னாங்க. எந்தங்கச்சின்னேன். இன்னா அனுப்பறேன்னாங்க. லைன் நல்லாக்கீதான்னு அது பாக்கும் சார்னேன். கும்மிடிப்பூண்டி லைன ஜெர்மனிலேர்ந்து பாக்கறாங்களான்னு ஒருத்தர் சிரிச்சாரு. எனக்கே கேக்கறதுக்கு பொய்யாட்டம்தான் இருந்துச்சு. அப்புறம் ஃபுல் பேரு கேட்டாங்க, வாப்பா பேரு கேட்டாங்க, சொந்த ஊரு கேட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல."

4

ஒரு வாரத்துக்குள் அவனை ரிமாண்டில் வைத்துவிட்டார்கள். விடுப்புக் கேட்க என் மேலாளரிடம் போனேன். அவர் ஐம்பது வயதுப் பெண்மணி, நல்லவர். வாக்கியத்தை ரயிலிலேயே கோத்து வைத்திருந்தேன். ஜெர்மனில் கைதாவதற்கு ஃபெர்ஹாஃப்டட் என்பார்கள். கல்யாணமாவதற்கு ஃபெர்ஹைராடட். அவர் முன்னால் நின்றபோது என் வாயில் எது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் அண்ணனுக்கா? எவ்வளவு சந்தோஷமான செய்தி" என்றார். அடுத்த மேசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

நான் திருத்தவில்லை. திருத்தினால் எதற்காகக் கைது என்று கேட்பார்கள். குண்டு மிரட்டல் என்ற வார்த்தையை, என் பெயரோடு, அந்த ஊர் அலுவலகத்தில் என்னால் சொல்ல முடியாது. விடுப்பு கிடைத்தது. மறுநாள் என் மேசையில் பூங்கொத்தும், எல்லோரும் கையெழுத்திட்ட வாழ்த்து அட்டையும் இருந்தன. மணமக்கள் நீடூழி வாழ வேண்டுமாம்.

விடுப்பு இருந்தது. பாஸ்போர்ட் இல்லை. புதுப்பிப்பதற்காக அதை முன்பே தூதரக அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தேன். அழுதுகொண்டே போன் செய்தேன். எதிர்முனையில் இருந்தவர் தமிழர். அலுத்துக்கொள்ளாமல் பேசினார்.

"அவசரம்னு குறிப்பு எழுதி வைக்கிறேங்க. ஆனா ஊர்லேர்ந்து போலீஸ் சரிபார்ப்பு வரணும்."

"எந்த ஸ்டேஷன்லேர்ந்து சார்?"

"உங்க நிரந்தர முகவரி எதுவோ அங்கேர்ந்து. கும்மிடிப்பூண்டின்னு போட்டிருக்கீங்க."

நான் போனை வைத்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஊரில் மைனி ஏற்பாடு செய்திருந்த வக்கீல் வாங்கித் தந்த எண்ணில் விசாரணை அதிகாரியிடம் பேசினேன். கத்துவார் என்று பயந்திருந்தேன். அவர் கத்தவில்லை.

"மேடம், அந்த டேட்டா உங்க கம்பெனிக்கா போவுது?"

"இல்ல சார், எனக்கு. எங்க வீட்டு கம்ப்யூட்டருக்கு."

"எதுக்கு?"

"லைன் விட்டுப்போனா எனக்குத் தெரியறதுக்கு."

"லைன் உட்டுப்போனா இங்க எக்ஸ்சேஞ்ச்ல சொல்லணும். உங்களுக்கு எதுக்கு சொல்லணும்?"

விளக்கினேன். ரவுட்டர், மென்பொருள், வெயில், எல்லாம். நடுநடுவே ஜெர்மன் வார்த்தைகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் "இன்னா?" என்றார். கடைசியில் அவர் கேட்டார்.

"சரி. அந்த மெயில் போன நேரத்துல கடைல எத்தினி மிஷின் ஓடிச்சு? உங்களாண்ட இருக்குமில்ல?"

எனக்குச் சட்டென்று நம்பிக்கை வந்தது. பார்த்துச் சொன்னேன். மாடியையும் சேர்த்து ஏழு.

"அதுல எதுலேர்ந்து போச்சு?"

"அது தெரியாது சார். எண்ணிக்கை மட்டும்தான் சேத்தேன்."

"இவ்ளோ சேத்தீங்க. அத மட்டும் சேக்கலியா?"

எதிர்முனையில் அவர் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல மேடம். அத பேப்பர்ல இன்னான்னு எழுதறதுன்னுதான் தெர்ல. நேர்ல வந்து எழுதிக் குடுங்க."

பாஸ்போர்ட் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தபோது தொலைபேசி அட்டையில் காசு தீர்ந்து பேச்சு அறுந்தது.

அவனைச் சந்தேகப்பட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சேர்த்திருக்கிறேன். அவனைக் காப்பாற்ற எது வேண்டுமோ அது என்னிடம் இல்லை. சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது இப்படித் தோன்றியது. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

5

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் எழுதுவதுதான். மாதக்கணக்கான தகவலை அடுக்கி, ஒவ்வொரு கோட்டுக்கும் விளக்கம் எழுதி, நிரலை வரிக்கு வரி ஆங்கிலத்தில் விளக்கி, வக்கீலுக்கு அனுப்பினேன். அவர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"அம்மா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இத குடுத்தோம்னா ஜட்ஜுக்கு சந்தேகம் ஜாஸ்தியாத்தான் ஆவும். இவ்ளோ தூரத்துலேர்ந்து இவ்ளோ கவனிச்சிருக்காங்களேன்னு. கொஞ்ச நாள் சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். பாஸ்போர்ட் வரும்வரை விடுப்பைத் தள்ளிப்போட்டேன். காலையில் ஸாராவுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவி டப்பாவில் வைப்பேன். ரயிலேறுவேன். அலுவலகத்தில் அடுத்தவர்களின் நெட்வொர்க்கில் எங்கே பழுது என்று நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொல்வேன். கல்யாண போட்டோ வந்ததா என்று மேலாளர் கேட்பார். இன்னும் இல்லை என்பேன்.

மைனியிடம் தினமும் பேசினேன். ஒரு நாள் பேச்சுக்கு நடுவே ஸாரா பின்னாலிருந்து "மாமா" என்று கத்தினாள். ஜெர்மன் பிள்ளைகள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகின்றன. இவளும் பள்ளிக்குப் போனதிலிருந்து அப்படித்தான். போனில் மைனி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"புள்ளைக்கு மாமா ஞாபகம் வந்துடுச்சா? மாமா வந்துடுவாரும்மா, சொல்லு அதுக்கிட்ட."

என்னைத்தான் கூப்பிட்டாள் என்று நான் சொல்லவில்லை. ஸாராவுக்குத் தன் செருப்பு எங்கே என்று தெரிய வேண்டியிருந்தது.

பிறகு அது தானாகவே முடிந்தது. அதே ஆலைக்கு இன்னொரு மிரட்டல் வந்தது. இந்த முறை வேறொரு ஊரிலிருந்து. காக்கா அப்போது உள்ளே இருந்தான். அனுப்பியவன் பிடிபட்டான். அந்த ஆலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒப்பந்த சூப்பர்வைசர். லாட்ஜில் சில நாள் தங்கியிருந்தபோது முதல் மின்னஞ்சலை மாடியிலிருந்து அனுப்பியிருக்கிறான். காக்காவை விட்டுவிட்டார்கள். நான் எழுதிய பக்கங்களில் ஒரு வரிகூட அதற்கு உதவவில்லை. நான் தூங்கியிருந்தாலும் அவன் அதே நாளில்தான் வெளியே வந்திருப்பான்.

6

பாஸ்போர்ட் வந்து நான் ஊருக்குப் போனபோது காக்கா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கடையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் கட்டட உரிமையாளர். மரியாதையாகத்தான் சொன்னாராம், "பாய், தப்பா எடுத்துக்காதீங்க, ஊட்ல பொம்பளைங்க பயப்படுறாங்க" என்று. கம்ப்யூட்டர்கள் வழக்குச் சொத்தாகப் போய்விட்டன. வழக்கு முழுவதும் முடிந்தால்தான் திரும்ப வரும்.

காக்கா இளைத்திருந்தான். தாடியில் நரை ஏறியிருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோதெல்லாம் "இட்லி வச்சுக்கோ" என்றோ "வெயிலு ஜாஸ்தியாக்கீது" என்றோ வேறு பேச்சுக்குப் போய்விடுவான். கிளம்புவதற்கு முந்தின நாள், நாஷ்டா முடிந்து மைனி தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவனாகவே கேட்டான்.

"ஜமீ, அந்த டப்பா உனக்கு இன்னாதான் அனுப்பிச்சு? அவங்க கேக்க கேக்க எனக்கு சொல்லத் தெர்ல. இப்பவாச்சும் சொல்லு."

மடிக்கணினியைத் திறந்து கோட்டைக் காட்டினேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தான்.

"இது இன்னா, நடுவுல பள்ளம்?"

"வெள்ளிக்கெழம. நீ ஜும்மாவுக்குப் போயிருப்பே."

"இது?"

"ஞாயித்துக்கெழம. லாட்ஜ்காரங்க."

அவன் விரலால் ஒவ்வொரு மேட்டையும் தொட்டுக்கொண்டே போனான். பெருநாள் வாரத்தை அவனே கண்டுபிடித்தான். மழை பெய்து சாலையில் தண்ணீர் நின்ற நாளையும் கண்டுபிடித்தான். அன்றைக்கு ஆள் வரவில்லையாம். கோடும் அப்படித்தான் இருந்தது. மைனி கையில் தட்டோடு வந்து பின்னால் நின்றாள். கடைசி மாதத்துக்கு வந்தபோது அவன் நின்றான். கோடு முன்பைவிட உயர்ந்துகொண்டே போயிருந்தது.

"நல்லாத்தான் நடந்துக்கினு இருந்துருக்குது கடை" என்றான். "எனக்கே தெர்ல."

அதற்கு மேல் பார்க்க வேண்டாம் என்று நான் மூடப் போனேன். அவன் என் கையைத் தள்ளிவிட்டு, கோடு விழும் இடம்வரை போய்ப் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாவு அரைக்க வேண்டுமென்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மைனிதான் பேசினாள். "அவரு உன்ன ஒண்ணும் சொல்லமாட்டாரு. சொன்னார்னா பரவால்ல."

7

இப்போது காக்கா தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் ஸ்டோர் பார்க்கிறான். உள்ளே கைபேசி கொண்டுபோகக் கூடாது. வீட்டில் இன்டர்நெட் வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இணைப்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கேட்டதற்கு வேண்டாமென்று சொல்லிவிட்டானாம். லாட்ஜ்காரர்கள் சாலையில் பார்த்தால் சலாம் வைக்கிறார்கள். அவர்கள் இப்போது வேறு கடைக்குப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூப்பிடுகிறேன்.

"எப்டி இருக்கே காக்கா?"

"நல்லாக்கீறேன்மா."

"சாப்ட்டியா?"

"ஆச்சு."

"தூக்கம் வருதா?"

கொஞ்சம் தாமதமாகப் பதில் வருகிறது. லைன் தாமதமா, அவன் தாமதமா என்று தெரிவதில்லை.

"வருது வருது."

மைனியிடம் கொடுக்கச் சொல்கிறேன். அவளிடமும் அதையே கேட்கிறேன். அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். நல்லாக்கீறாரு என்று அவளும் சொல்கிறாள்.

சரி என்கிறேன். வைக்கிறேன்.